எழுதி வாங்கினால் அது ராஜினாமாவா?

"ஐ.டி.காரர் வீட்டுக்கு என்னம்மா குறை?" என்று இன்னும் பேசுகிற தோழிகள் இருக்கிறார்கள். அவர்கள் 2025 ஜூலை கடைசியில் வந்த செய்தியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும். நாட்டிலேயே பெரிய மென்பொருள் கம்பெனியான டி.சி.எஸ்., தன் ஆட்களில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, அந்த நிதியாண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தட்டு, மேல்தட்டுப் பதவிக்காரர்கள்தானாம். சரி, நஷ்டத்தில் ஓடுகிற கம்பெனியா என்றால் அதுவும் இல்லை. அதற்கு முந்தைய மூன்று மாத லாபம் மட்டும் 12,760 கோடி ரூபாய். தலைமை அதிகாரிக்கு 2024-25ல் கொடுத்தது 26 கோடிக்கும் மேல். மேல்தட்டு கனத்துவிட்டது என்கிறார்களே, அந்த உச்சித் தட்டு மட்டும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை!

இந்த வேலைகள் நம் ஊருக்கு எப்படி வந்தன? அமெரிக்காவில் ஒருவருக்குக் கொடுக்கிற சம்பளத்தில் இங்கே பல பேரை வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கில்தான் வந்தன. 2014 கடைசியில் ஆர்லாண்டோ நகரில் டிஸ்னி நிறுவனம் தன் கம்ப்யூட்டர் பிரிவில் சுமார் 250 பேரை நிறுத்தியது. விசாவில் வந்த இந்தியர்களுக்குத் தங்கள் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி அவர்களில் சிலருக்குச் சொல்லப்பட்டது. நம் பக்கம் அது விசா கிடைத்த சந்தோஷம். அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி அடுத்த மாத வாடகைக்கு விரல் விட்டு எண்ணியிருப்பாள். இப்போது அதே கணக்கு இங்கேயும் வந்துவிட்டது. வருடம் மூன்று, மூன்றரை லட்சத்துக்குப் புதுப் பிள்ளைகள் கிடைக்கும்போது இருபது லட்சம் வாங்குகிறவர் எதற்கு என்று கேட்கிறார்கள்.

அவருக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தது யார்? கம்பெனிதானே! வேலை பெருகிக்கொண்டே இருந்த காலத்தில் அடியில் நிறையப் பேரைச் சேர்த்தார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு தரம் பதவியும் கொடுத்தார்கள். வெளிநாட்டு வேலை வருவது மந்தமானதும் அடியில் சேர்ப்பது குறைந்தது, மேலே ஏறியவர்கள் அப்படியே நின்றார்கள். கோபுரம் தலைகீழாகிவிட்டது என்று இப்போது சொன்னால், கட்டினவரைக் கேட்காமல் நடுவில் இருக்கிற செங்கல்லை உருவுவது என்ன நியாயம்?

எங்கள் பிளாட்டில் மேல்மாடி அக்கா வீட்டில் இதுதான் நடந்தது. (அது வேறு கம்பெனி. பெயர் இங்கே வேண்டாம்.) அவர் வீட்டுக்காரருக்கு பதினாறு வருட சர்வீஸ். "இவருக்குக் கீழே ஒரு ஆள் கிடையாது, பேருதான் சீனியர் மேனேஜர். வேலை செய்யறவங்க நாலு பேர், ரிப்போர்ட் கேக்கறவங்க ஆறு பேர்" என்று அக்கா ரொம்ப நாளாகவே அலுத்துக்கொள்வார். ஒரு நாள் அவரைத் தனி அறைக்குக் கூப்பிட்டு, "நீங்களே ராஜினாமா குடுத்தா மூணு மாச சம்பளமும் நல்ல சர்டிபிகேட்டும் உண்டு. இல்லேன்னா நாங்க நீக்குவோம். அடுத்த கம்பெனியில விசாரிச்சா அதைத்தான் சொல்வோம்" என்றார்களாம். அரைமணி நேரம் அவகாசம். கையெழுத்துப் போட்டு வெளியே வந்தால் கேட்டில் அவருடைய அடையாள அட்டை வேலை செய்யவில்லை. சம்பள ரசீது எல்லாம் ஆபீஸ் மெயிலில். அதையும் திறக்க முடியவில்லை.

மூன்று மாத சம்பளம் தாராளம் மாதிரி தெரியும். சட்டத்தைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸும், சர்வீஸில் ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளமும் தர வேண்டும். 1947ன் தொழில் தகராறு சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பிலும் இருக்கிறது. பதினாறு வருடத்துக்கு 240 நாள், எட்டு மாத சம்பளம்! தானாகப் போனேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இது கிடையாது. (கிராஜுவிட்டி வேறு. ஐந்து வருடம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் அது உண்டு. விட்டுவிடாதீர்கள்.)

நிர்வாகப் பதவியில் இருப்பவர் தொழிலாளி ஆகமாட்டார் என்று இன்னொரு சிக்கலும் அதே சட்டத்தில் உண்டு. ஆக, மேனேஜர் என்று கூப்பிட்டதில் சம்பளம் ஏறியதோ இல்லையோ, பாதுகாப்பு போய்விடுகிறது. ஆனால் நீதிமன்றங்கள் பதவியின் பெயரை மட்டும் பார்ப்பதில்லை, உண்மையில் அவர் என்ன வேலை செய்தார் என்று பார்க்கின்றன. இது அக்காவுக்கே கையெழுத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

டி.சி.எஸ். கணக்குக்கே வருகிறேன். 2025 ஜூன் முடிவில் 6,13,069 பேர், செப்டம்பர் முடிவில் 5,93,314 பேர். மூன்றே மாதத்தில் 19,755 பேர் குறைவு. தாங்கள் அனுப்பியது 6,000 பேர் அளவில்தான் என்றது கம்பெனி. ஊழியர் அமைப்புகள் அதை ஒப்பவில்லை. தானாகப் போனவர், போக வைக்கப்பட்டவர் என்ற வித்தியாசம் ஒரு கையெழுத்தில் அழிந்துவிடுகிறபோது யார் எண்ணிச் சொல்வது?

எதிர்த்து நின்றால் ஒன்றும் நடக்காது என்பதும் சரியில்லை. 2015 ஜனவரியில், அதே கம்பெனியில் பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு கர்ப்பிணி ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார். கம்பெனி உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐ.டி. ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று 2016ல் தமிழக அரசும் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சம்பாதிப்பது அவர் என்றாலும் காகிதங்களைப் பத்திரப்படுத்துவது நாம்தான். வேலை உத்தரவு, சம்பள ரசீது, பதவி உயர்வுக் கடிதம் எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். கம்பெனி மருத்துவ இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். தனியாக ஒன்று இப்போதே எடுத்துவிடுங்கள். கூப்பிட்டு உட்கார வைத்தால், "வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வரச் சொல்லுங்கள். 'பொண்டாட்டி பேச்சைக் கேக்கறவன்' என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டுமே!

அக்கா இப்போது வங்கிக் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பதினாறு வருட சம்பளத்தைப் பட்டியல் போடுகிறார். தொழிலாளர் துறைக்கு மனு கொடுக்கப் போகிறார்கள். கட்டாய ராஜினாமாவை எதிர்த்து மனு கொடுத்து ஜெயித்தவர்கள் வாசகியர் வீட்டில் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். அக்காவிடம் காட்டுகிறேன்.

- ஒரு வாசகி, சென்னை