ட்ரைபாட் விரித்தால் குற்றமா?

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத் தேர் ஓடும்போது நான்கு வீதிகளிலும் எத்தனை கேமராக்கள் இருக்கும்? வடம் பிடிப்பவரின் இன்னொரு கையில் செல்போன். மொட்டை மாடியில், கடை வாசலில், பிள்ளையைத் தோளில் சுமந்தபடி எல்லோரும் படம் எடுக்கிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. தேரெல்லாம் நிலைக்கு வந்தபின் அதே கீழவீதியில் நான்கு மாணவர்கள் ட்ரைபாடை விரித்து, ஒருவன் வசனம் பேச ஆரம்பிக்கட்டும். சீக்கிரமே யாராவது வந்து நிற்பார்: "பர்மிஷன் இருக்கா தம்பி?"

இருக்காது. எங்கே போய் வாங்குவது என்றே தெரியாதே!

பெரிய சினிமா யூனிட்டுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க புரொடக்‌ஷன் மேனேஜர் இருக்கிறார். அரசு இடங்களில் படப்பிடிப்பு என்றால் செய்தி மக்கள் தொடர்புத் துறை. தெரு என்றால் போலீசுக்கும் சொல்ல வேண்டும். பிச்சாவரம் போனால் காடு வனத்துறையுடையது, படகு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' (1975) எடுக்கப்பட்ட இடம் அது. ஆக, கடலூர் மாவட்டத்துக்குப் படப்பிடிப்பு புதிதல்ல. ஆனால் இந்த நடைமுறை முழுக்க அந்த மாதிரி யூனிட்டை மனதில் வைத்து வளர்ந்தது. மூன்று பேர், ஒரு செல்போன், ஒரு மைக் என்று வருகிறவர்களை அதில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அதிகாரிக்கும் தெரியாது, பாவம்.

சட்டத்தைப் பார்த்தால், 1952ஆம் வருட சினிமாட்டோகிராஃப் சட்டம் படத்தைத் திரையிடுவது பற்றித்தான் கவலைப்படுகிறது. தெருவைப் பொறுத்தவரை பொதுவழியை மறிப்பதுதான் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 283வது பிரிவில் அதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 285வது பிரிவில் 5,000 ரூபாய் வரை. மறிக்காமல் ஓரமாக நிற்பவனை என்ன செய்வது? அங்கேதான் விதி போய் 'பார்த்து முடிவு செய்வது' வந்துவிடுகிறது. பார்க்கிறவர் நல்லவராக இருந்தால் படம் முடியும்.

இதே குழப்பம் நியூயார்க்கிலும் இருந்தது. 2005 மே மாதம் மன்ஹாட்டன் தெருவில் சிறிய வீடியோ கேமராவுடன் படம் எடுத்துக்கொண்டிருந்த இந்திய ஆவணப்பட இயக்குநர் ராகேஷ் சர்மாவைப் போலீஸ் பிடித்து வைத்து விசாரித்தது. அவர் வழக்குப் போட்டார். 2007ல் எழுத்தில் விதி கொண்டுவருகிறோம் என்று நகர நிர்வாகம் கிளம்பியது. இரண்டு பேர் ஒரே இடத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் படம் எடுத்தால் அனுமதி வேண்டும், 10 லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ் வேண்டும் என்றது வரைவு. கல்யாண வீட்டுக்கு வந்த சித்தப்பாகூட மாட்டிக்கொள்வார் போலிருக்கிறதே! :-) எதிர்ப்பு கிளம்பியது. 2008ல் வந்த இறுதி விதி, கையில் பிடித்த கேமராவுக்கும் வெறும் ட்ரைபாடுக்கும் அனுமதி தேவையில்லை என்றது. வேறு சாதனங்களும் வண்டிகளும் வந்தால், இடத்தைத் தனக்கென்று வளைத்துக்கொண்டால் அனுமதி வேண்டும். வழக்குப் போட்டவர் ஓர் இந்தியர். அதன் பலன் மட்டும் இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை.

கட்டுப்பாடே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2020 பிப்ரவரியில் சென்னை அருகே 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோட்டில் சாயங்காலம் ஜெனரேட்டர் வேனை நிறுத்தினால் ஆம்புலன்ஸ்கூட நகர முடியாது. தெருவில் போகிற பெண்கள் முகத்துக்கு நேரே கேமரா நீட்டுகிற 'பிராங்க்' ஆசாமிகளும் இருக்கிறார்கள், அவர்களை விரட்டத்தான் வேண்டும். ஆனால் கிரேனுக்கு இருக்கிற ஆபத்தை ட்ரைபாடின் தலையில் கட்டுவது என்ன நியாயம்? வெள்ளிக் கடற்கரையில் கல்யாண ஜோடிகளை வைத்துப் படம் எடுப்பவர்களிடம் யாரும் இவ்வளவு விசாரிப்பதில்லை. கதை சொல்ல வருகிறவன் மட்டும்தான் சந்தேகத்துக்குரியவன்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் 1965ல் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். சேரி மக்களின் வாழ்க்கையை வைத்து, நட்சத்திரங்களை நம்பாமல் எடுத்த சின்னப் படம். 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துத்தான் கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் சினிமாவுக்கு வந்தார்கள். அடுத்த ஆள் அண்ணாமலை நகர் ஹாஸ்டலில்கூட இருக்கலாம். அவனிடம் புரொடக்‌ஷன் மேனேஜர் கிடையாது. ஸ்டேஷனில் ஒரு முறை அதட்டினால் கேமராவை நண்பனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அரியர் எழுதப் போய்விடுவான்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. ஐந்து பேர் வரை, விளக்கு, ஜெனரேட்டர், டிராலி இல்லாமல், போக்குவரத்தை நிறுத்தாமல் எடுத்தால் அனுமதி வேண்டாம். பக்கத்து ஸ்டேஷனில் ஒரு தகவல் கடிதம் போதும். யார், எந்தத் தெரு, எத்தனை மணி, போன் நம்பர் என்று நாலு வரி. அதன் நகலில் ஒரு சீல். அடுத்த தெருவில் அடுத்த போலீஸ்காரர் கேட்கும்போது அவன் சட்டைப்பையில் எடுத்துக் காட்ட ஏதோ ஒரு காகிதம் இருக்கும்.