பாட்டில்லையேல் படமில்லையா?

பாட்டின்றிப் படம் ஓடாதாம்! பகர்கின்றனர் பட முதலாளிகள்; "பாமரன் கேட்கிறான்" என்று பழியையும் அவன் தலையிலேயே சுமத்துகின்றனர். நாம் இசைக்குப் பகைவரல்லர். கதையின் கழுத்தை நெரிக்கும் இசையையே கண்டிக்கிறோம்.

1954-இல் வெளிவந்த 'அந்த நாள்' படத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டில்லை, ஆட்டமில்லை, சண்டையில்லை. இயக்கியவர் இசையறியாதவரா? அல்லர், வீணை வித்தகர் எஸ். பாலசந்தர்! 1943-இல் குண்டு விழுந்த சென்னை. ஒரு துப்பாக்கி வெடியோசை. வீழ்ந்து கிடக்கிறான் ஒருவன். அவ்வோசையே கதையின் முதற்சொல். கொன்றவர் யார் என்று துடிக்கும் நெஞ்சின் நடுவே காதற்பாட்டொன்று புகுந்திருந்தால்? ஐயம் அறுந்திருக்கும், கதை செத்திருக்கும்.

இன்று நடப்பதென்ன? சாவு வீட்டிலே தாய் விம்முமுன் வயலின்கள் விம்முகின்றன. எங்கே அழுவது என்று நமக்கு ஆள் வைத்துச் சொல்ல வேண்டுமா? காசு கொடுத்தவனுக்குக் கருத்தில்லையா? நாற்புறமும் ஒலிபெருக்கிகள் முழங்க, உரையாடல் மூழ்குகிறது. தமிழ்ப்படத்தில் தமிழே காதில் விழுவதில்லை!

1988-இல் பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. அதில் இளையராஜாவின் இசை உண்டு, பாட்டில்லை. 1995-இல் 'குருதிப்புனல்' வந்தது, அதிலும் பாட்டில்லை. இவற்றைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகின்றனரா, பாமரன்மீது பழி போடுவோர்?