ரைடிங் ஜாக்கெட்: ஆண்கள் சைஸ் ஏன் சரிவராது?

பருமனான பெண்கள் ரைடிங் ஜாக்கெட் கேட்டால், 'ஜென்ட்ஸ் சைஸ் போட்டுப் பாருங்க மேடம்' என்பதே பல கடைகளில் வரும் பதில். அதில் என்ன தப்பு?

மார்பு, இடுப்புக்காகப் பெரிய சைஸ் எடுத்தால் தோளும் கையும் தொளதொளவென ஆகிவிடும். கீழே விழும்போது முழங்கை பேட் நகர்ந்துவிடும். அடி நேராக எலும்பில்தான். 'இஎன் 1621' முத்திரை, பேட் எவ்வளவு அதிர்ச்சி தாங்கும் என்று சொல்லும். உங்கள் முழங்கையிலேயே நிற்குமா என்று சொல்லாது.

வாங்கும் முன் பைக்கில் உட்கார்ந்து, ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்க. ஜிப் மூடணும், பேட் அசையக் கூடாது. இடுப்புப் பக்க ஜிப்பும் கையில் இறுக்கும் ஸ்ட்ராப்பும் இருந்தால் நல்லது.

உடம்பைக் குறைச்சுட்டு வாங்கன்னு சொல்றது பதில் இல்லை. எல்லா உடம்புக்கும் தைக்க வேண்டியது கம்பெனிகளின் பொறுப்பு.