நரித்தோலும் கவரிமாவும்

மதுரையில் இருந்துகொண்டு மயிர்த்தோல் அணியைப் பற்றி எழுதப் புகுந்தவனைச் சித்திரை வெயில் தாக்கிற்றோ என்று இம்மலரைப் படிக்கும் அன்பர்கள் ஐயுறுதல் இயல்பே. வைகை மணல் காலைச் சுடும் இந்நாட்டில் மெல்லிய பருத்தியாடையே உடம்புக்கு மிகையாகத் தோன்றும்; நரித்தோலைக் கழுத்திற் சுற்றிக்கொண்டு மாசி வீதியில் நடப்பார் ஒருவரையும் நாம் கண்டதில்லை. ஆயினும் அத்தகைய தோலொன்று எம் இல்லத்தில் ஒரு தகரப்பெட்டிக்குள் நெடுங்காலமாக உறங்குகின்றது. சென்ற கோடை விடுமுறையில் அதுபற்றி எழுந்த வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம்.

எம் பாட்டியாரின் அன்னை கோடைக்கானலில் ஒரு துரைசாணியம்மாள் இல்லத்தில் ஆயாவாக இருந்தவர். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தோர் சமவெளியின் வெப்பத்திற்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, 1845-ஆம் ஆண்டு முதல் அம்மலைமேல் வீடு கட்டி வாழத் தலைப்பட்டனர் என்பது நம் கல்லூரியிற் பயில்வார் பலர் அறிந்ததே. ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்து மார்கழிப் பனியில் நரித்தோலுக்கும் வேலை உண்டு. அவ்வம்மையார் தாய்நாடு திரும்பிய காலத்தில், தம்மிடம் பணிசெய்த பெண்ணுக்கு நினைவுப்பொருளாக அதனை அளித்துச் சென்றனர். மலையினின்று இறங்கிவந்த பின் அது ஒருநாளும் எவர் கழுத்திலும் ஏறவில்லை.

அதன் தோற்றத்தைச் சிறிது கூறுதல் வேண்டும். செந்நிற நரியொன்றின் முழுத்தோல். தலையும் நான்கு கால்களும் வாலும் அவ்வாறே இருக்கின்றன. கண்ணிருந்த இடத்தில் பழுப்புநிறக் கண்ணாடிக் குண்டுகள் இரண்டு. மோவாயின் கீழே நூல் சுற்றிய கவ்வி ஒன்று மறைந்துள்ளது. அதனை விரித்து வாலைக் கவ்வுவித்தால், நரி தன் வாலைத் தானே கடித்துக்கொண்டு அணிந்தவர் தோளைச் சுற்றிக் கிடக்கும். 1920, 1930-ஆம் ஆண்டுகளில் மேல்நாட்டுப் பெண்டிர் இதனைப் பெரிதும் விரும்பினர் என்பதைப் பழைய நிழற்படங்கள் காட்டும். கழுத்தோரத்திற் கருமணிச் சரமொன்றும், இரண்டு பட்டுக் குஞ்சங்களும் தைக்கப்பட்டுள்ளன. கருமணி என்றவுடன் அது விலையுயர்ந்த ‘ஜெட்’ என்னும் கல்லாகலாம் என்று யான் மகிழ்ந்தேன். 1861-இல் விக்டோரியா அரசியார் கணவரை இழந்து துயர் காத்தபொழுது இங்கிலாந்தில் விட்பி என்னும் கடற்கரையூரிற் கிடைக்கும் அக்கல்லுக்குப் பெருமதிப்பு ஏற்பட்டது. மரம் நெடுங்காலம் மண்ணில் அழுந்திக் கல்லாகியது ஆதலின், அது கையில் எடுத்தால் நொய்தாகவும் சில்லென்று குளிராததாகவும் இருக்கும். எம் வீட்டு மணியோ கனத்தது. கன்னத்தில் வைத்தாற் குளிர்கின்றது. வெறுங் கண்ணாடியே. என் மகிழ்ச்சி அவ்வளவில் முடிந்தது.

ஆனால் அத்தோலில் யான் அணியென்று மதிப்பது அம்மணிச் சரமன்று. உட்புறத்துப் பட்டு நைந்து, அடிவயிற்றுத் தோல் ஒரு சாண் அளவு கிழிந்தபொழுது, எம் பூட்டியார் தம் பழஞ்சேலையில் ஒரு துண்டை வெட்டி உட்துணியாக வைத்துத் தைத்திருக்கின்றார். அது மதுரைச் சுங்குடி. சௌராட்டிரப் பெருமக்கள் இந்நகரில் வளர்த்த அக்கைத்தொழிலை அறியாதார் இலர்: துணியில் நுனிவிரலால் சிறுசிறு முடிச்சிட்டு நூலால் இறுக்கிச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால், சாயம் புகாத இடமெல்லாம் வெண்புள்ளிகளாக நிற்கும். 2005-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அச்சிட்ட புள்ளி ஒரே அளவினதாக இருக்கும். முடிச்சிட்ட புள்ளியோ ஒன்றைப்போல் ஒன்று இராது. நரியின் செம்மயிரைப் புரட்டினால் அரக்குச் சிவப்பில் அவ்வெண்புள்ளிகள் தோன்றுகின்றன. அமெரிக்க நாட்டினின்று வந்த நரி மதுரைச் சேலையின்மேற் படுத்திருப்பதை யான் சிறுவனாக இருந்தபொழுது எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன்.

நிற்க. வழக்கு இது. சென்னையில் ஆடையமைப்புக் கலை பயிலும் என் சிற்றன்னையின் மகள் விடுமுறைக்கு வந்திருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “தம்பி, இத்தகைய பழம்பொருளுக்கு இப்பொழுது நல்ல விலை உண்டு. இந்தச் சுருங்கிப்போன துணியைப் பிரித்தெறிந்துவிட்டுச் சிவப்பு சாட்டின் வைத்துத் தைப்போம். கழுத்தோரம் முழுவதும் கண்ணாடிக் கற்கள் பதித்து, தோளருகே பெரிய புரூச் ஒன்று குத்திவிட்டால் யாரும் பழையதென்றே சொல்லமாட்டார்கள்” என்றார். விடுதியில் என்னுடன் உறையும் நண்பரிடம் இதனை யான் கூறியபொழுது அவர் சினந்து, “அது கொலைப்பொருள், விற்பதும் வேண்டா, வைத்திருப்பதும் வேண்டா, எரித்துவிடு” என்றனர். இருவரும் என்மேல் அன்புடையார்; இருவர் கூற்றினும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டினுள் ஒன்றையேனும் என் உள்ளம் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதைத் தமிழ் நூல்களைக் கொண்டே ஆராயலானேன். தமிழ் மாணவனுக்கு வேறு புகலிடம் ஏது?

மயிர்த்தோலை அணியாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடம் இல்லையெனினும், விலங்கின் மயிரை அழகுசெய்து கையிலேந்தும் வழக்கம் உண்டு. அதுவே சாமரம். திருவிழாக்களில் தெய்வத் திருமேனிக்கு இருபுறமும் வீசப்படும் வெண்சாமரத்தைக் காணாத மதுரையார் இலர். அதன் காம்பு வெள்ளியாலோ பித்தளையாலோ சித்திர வேலைப்பாட்டுடன் அமைந்திருக்கும். கண்டார் கண்கள் அக்காம்பிலேயே படியும். காம்பிற்கு மேலுள்ள மயிர் எவ்விலங்கினது என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒன்பதின்மர் “கவரிமான்” என்பர். ஒரு மயிர் உதிரினும் மானம் பொறாது உயிர்விடும் மான் என்றும் கூட்டிச் சொல்வர். அத்தகைய மான் உலகில் இல்லை.

கவரி என்பது இமயத்திற்கு அப்பால் திபெத்து முதலிய பனிமேட்டு நிலங்களில் வாழும் சடைமாடு. யாக் என்று இக்காலத்தார் கூறுவது இதனையே. லின்னேயசு என்னும் இயற்கை நூலார் 1766-இல் உறுமும் மாடு என்று பொருள்படும் இலத்தீன் பெயரை இதற்கு இட்டனர். வள்ளுவரும் மானம் என்னும் அதிகாரத்தில் (குறள் 969) கவரிமா என்றாரேயன்றிக் கவரிமான் என்றாரல்லர். மா என்பது விலங்கின் பொதுப்பெயர். ஒரு னகர ஒற்றைச் சேர்த்து அதனை மானாக்கியது பிற்கால வழக்கு. அவ்வொற்றோடு ஒரு கதையும் வந்து ஒட்டிக்கொண்டது. மானம் இழந்து தானே இறந்த மானின் மயிர் என்றால், அதனைக் கொன்றவர் ஒருவரும் இலராகிவிடுகின்றனர் அன்றோ? சாமரத்தின் வெள்ளிக் காம்பினும் அழகிய அணி அக்கதைதான். மறைக்கும் அணியும் அதுவே.

சங்கப் புலவர் இவ்வாறு செய்யவில்லை. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில், குமட்டூர்க் கண்ணனார் இமயத்தைக் கூற வந்தவர், அங்கே மலைச்சாரலில் உறங்கும் கவரி, தான் மேய்ந்த நரந்தம்புல்லையும் அருவியையும் கனவு காண்கின்றது என்று பாடினார். புறநானூற்று 132-ஆம் பாட்டில் முடமோசியார், நரந்தம் மேய்ந்து சுனைநீர் பருகித் தன் பிணையோடு மரநிழலில் தங்கும் கவரியைக் காட்டி, அவ்விமயத்தை ஒருபுறமும் ஆய் அண்டிரன் குடியைத் தென்புறமும் வைத்து உலகம் கவிழாது நிற்பதாகக் கூறினார். பனிமலையைக் கண்ணாற் காணாதவர் என்று நாம் எண்ணும் தமிழ்ப்புலவர், அவ்விலங்கிற்கு உணவும் நீரும் துணையும் கனவும் கொடுத்துவிட்டனர். இதுவும் அணியே. ஆனால் இவ்வணியைக் கண்டபின் விலங்கை மறக்க இயலாது.

இதனினும் வியப்பானது மோசிகீரனார் பாட்டு (புறநானூறு 50). முரசுகட்டில் என்று அறியாது அதன்மேல் ஏறி உறங்கிய புலவர்க்குச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை விசிறிய செய்தி யாவரும் அறிந்தது. அப்பாட்டின் தொடக்கம் முழுவதும் முரசின் ஒப்பனையே. தோல்வாரால் இறுகக் கட்டிய அம்முரசுக்கு, மயிலின் நீண்ட பீலியால் தொடுத்த தாரும் உழிஞைப் பூவும் சூட்டியிருந்தனர். தோலுக்கு இறகால் அணிசெய்த வரலாறு நம்மிடமே இத்துணைப் பழையது. அவ்வொப்பனையினும் உயர்ந்ததாகப் புலவர் எதனைக் கருதினார்? அரசன் தன் தோளை ஓச்சித் தண்ணென வீசியதனை. ‘கவரிகொண்டு வீசினான்’ என்பது பாட்டின்கீழ் உள்ள பழங்குறிப்பில் உண்டு. பாட்டினுள் கவரி இல்லை, அரசன் தோள் மட்டுமே உண்டு. வகுப்பில் இதனைக் கண்டறிந்த நாளில் யான் கொண்ட உவகை சிறிதன்று.

இனி மேல்நாட்டைச் சிறிது நோக்குவோம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியச் சீமாட்டியர், மார்ட்டென், சேபிள் என்னும் சிறு விலங்குகளின் தோலைக் கையிலோ இடையிலோ தொங்கவிட்டிருந்தனர். அத்தோலின் தலையை நீக்கிவிட்டுப் பொன்னால் தலை செய்து மணிகள் பதித்தனர். 1550-ஐ ஒட்டி வெனிசு நகரிற் செய்யப்பட்ட அத்தகைய பொற்றலையொன்று அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் இருக்கின்றது. எனாமலும் மாணிக்கமும் முத்தும் அதில் இழைக்கப்பட்டுள்ளன. தோல் என்றோ அழிந்தது, தலை நின்றது. எர்மின் என்னும் வெண்தோலோ வேறு வகை. குளிர்காலத்தில் அவ்விலங்கு முழுதும் வெளுத்தாலும் வால்நுனி மட்டும் கரியதாகவே இருக்கும். அக்கருநுனிகளை வெண்தோலின்மேல் வரிசையாகத் தைத்து அரசர்க்கு அங்கி செய்தனர். எத்தனை நுனிகளோ அத்தனை உயிர்கள். எண்ணத் தெரிந்தவர்க்கு அவ்வங்கி கணக்கேடாகத் தோன்றும். திபெத்தினின்று போன வெண்கவரி வால்களை அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குத் தாடி கட்டவும் கொண்டனர் என்பதை அறிந்தபின், நம் விடுதிக் கிறிஸ்துமஸ் விழாவிற் பஞ்சுத்தாடி அணிந்தவரைக் கண்டு யான் சற்று ஆறுதலடைந்தேன்.

இவற்றையெல்லாம் வைத்து நோக்கின், என் அக்காளின் கண்ணாடிக் கற்களை யான் மறுப்பதன் காரணம் விளங்கும். அவை நரியையும் மறைக்கும், பூட்டியாரையும் மறைக்கும். செய்முறையிலும் அது தகாது. மயிர்த்தோலின் அடிப்பகுதி மெல்லிய தோலே. துணியிற் குத்திய ஊசித்துளை இழை நெருங்கி மூடிக்கொள்ளும், தோலிற் குத்திய துளை மூடாது. எண்பது தொண்ணூறு ஆண்டு எங்கள் ஊர் வெப்பத்தில் உலர்ந்த தோலிற் கனத்த புரூச்சைக் குத்தினால், அதன் எடையே தோலைக் கிழித்துவிடும். முன்னைய தொழிலாளர் இதனை அறிந்தே கவ்வியையும் குஞ்சத்தையும் உட்புறத்து நாடாவில் தைத்தனர், தோலில் தைக்கவில்லை. எம் பூட்டியாரும் யாரிடமும் பயிலாமலே, சுங்குடித் துண்டின் ஓரத்தைப் பழைய நாடாவோடு சேர்த்தே தைத்திருக்கின்றார். விற்பனை செய்ய விழைவாரோ 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை முதற்கண் நோக்குதல் நலம்.

என் நண்பர்க்கும் விடை கூறவேண்டும். புதிய மயிர்த்தோல் வேண்டா என்பதில் அவரோடு யான் முழுதும் உடன்படுகின்றேன். 2017-இல் மிங்க், நரி, சின்சில்லா ஆகியவற்றின் மயிர்த்தோல்களை இறக்குமதி செய்யலாகாதென்று இந்திய அரசு தடுத்தது தக்கதே. இந்நாளில் நைலான் இழையாற் செய்த சாமரங்களும் கடைகளில் விற்கின்றன. அவற்றை இகழ்வார் சிலர், யான் இகழேன். ஆனால் எம் பெட்டியிலுள்ள நரியை எரித்தால் அது உயிர்பெற்று எழப்போவதில்லை. எரிவது அந்நரி இருந்தது என்பதற்கான சான்றும், ஓர் ஆயா தன் சேலையை வெட்டி அதனைக் காத்தாள் என்பதற்கான சான்றுமேயாகும். பூட்டியாரின் நிழற்படம் எம்மிடம் இல்லை. அவர் கையெழுத்தும் இல்லை. அவர் எழுதக் கற்றவரல்லர். அத்தையல் ஒன்றே உள்ளது.

என் அக்காளிடம் இவ்வளவையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின்பு துணியைப் புரட்டிப் பார்த்து, “இது அச்சிட்டதில்லை, முடிச்சிட்டது” என்றார். தம் கைப்பையினின்று நுண்ணிய ஊசியொன்றை எடுத்து, ஓரத்தில் தையல் விட்டிருந்த இரண்டு விரல் அகலத்தை, பழைய ஊசித்துளைகளின் வழியாகவே நூலைச் செலுத்தித் தைத்தார். வலக்கண் தளர்ந்து ஆடுகின்றது. அதனை ஒட்டுவதா, எடுத்துவிடுவதா என்பதில் இன்னும் எங்களுக்குள் உடன்பாடு இல்லை.