வீட்டில் கார் கட்டலாம்... ரோட்டில் ஓட்டலாமா?

2021 இறுதியில் வைரலான அந்த வீடியோ ஞாபகம் இருக்கா? மகாராஷ்டிராவின் சாங்லி மாவட்டத்தில் ஒரு இரும்புப் பட்டறைக்காரர், பழைய பாகங்களை வைத்தே சுமார் 60,000 ரூபாயில் குட்டி ஜீப் ஒன்றைக் கட்டிவிட்டார். பைக் மாதிரி கிக் அடித்துதான் ஸ்டார்ட் பண்ணணும்! பாராட்டிய ஆனந்த் மஹிந்திரா, விதிமீறல் என்பதால் அதிகாரிகள் ஒருநாள் தடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். வண்டியை வாங்கிக்கொண்டு பொலேரோ கொடுத்தார். சந்தோஷம்தான், ஆனால் விதி அப்படியேதானே இருக்கு?

பிரிட்டனில் இது வீக்எண்ட் பொழுதுபோக்கு. ரான் சாம்பியன் 1996-ல் எழுதிய புத்தகத்தைப் பார்த்து, பழைய ஃபோர்டு எஸ்கார்ட்டைப் பிரித்து, எஞ்சின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாவற்றையும் தாங்களே வெல்டிங் செய்த ஃபிரேமில் மாட்டினார்கள். ரோட்டுக்கு வர ஐவிஏ சோதனை உண்டு. பிரேக், ஸ்டீயரிங், புகை, ஏன், கூர்மையான விளிம்பு இருக்கா என்பது வரை பார்ப்பார்கள். பாஸானால் பதிவு எண்.

இங்கே மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பாதுகாப்பு முக்கியம், மறுக்கலை. ஆனால் பழைய ஸ்கூட்டர் எஞ்சின் மாட்டிய மீன்பாடி வண்டியைச் சென்னையில் பார்த்தவர்களுக்கு, வெறும் தடையின் லட்சணம் தெரியும். கட்டுகிறவரை சோதனைக்குக் கூப்பிடுங்க. ஃபெயிலானால் வண்டி வீட்டிலேயே நிற்கட்டும்.