மங்கிய ஒளியும் மனித மானமும்

ஆடை அலங்கார விழாக்களின் திரைக்குப் பின்னால் படம் பிடிப்பது இன்று புகைப்படக் கலையின் தனிக் கிளையாகி விட்டது. கொழும்பில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய ஃபேஷன் வாரம் போன்ற விழாக்களில், மேடையில் நடப்போரைப் படம் எடுப்பவர் ஒருபுறம்; ஒப்பனை அறையின் அரையிருளில் நிற்போரை எடுப்பவர் மறுபுறம். கல்முனைக் கரையில் வாழும் நமக்கு இதில் என்ன என்று வாசகர் வினவலாம். நம் பாடசாலைக் கலைவிழாக்களுக்கும் ஒப்பனை அறை உண்டு. நம் கலியாண வீடுகளிலும் மணமகளை அலங்கரிக்கும் அறை உண்டு. மேடை வேறாயினும் திரைமறைவு ஒன்றே.

திரைமறைவுப் படமே ஆகாது என்பவன் அல்லேன் நான். மருதமுனைக் கைத்தறிச் சேலையைக் கடையில் கண்டு வியப்பவரினும், தறியடியில் நெசவாளியைக் கண்டவரே அதன் அருமை அறிவார். அதுபோல, குண்டூசியை இதழிற் கவ்வியபடி மடிப்புத் திருத்தும் தையற்காரியையும், தன் முறை வருமுன் கண்மூடி அமர்ந்திருக்கும் பெண்ணையும் காட்டும் படம், மேடைப் படம் சொல்லாத உழைப்பைச் சொல்லும். மின்வெட்டுப் போன்ற செயற்கை ஒளியைப் பாய்ச்சினால் அந்த நிழலும் அழியும், நிலையும் குலையும். ஆதலால் உள்ள ஒளியிலேயே எடுப்பது முறை.

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி இருக்கிறது. ஒளி குறைந்தால் ஷட்டர் அதிக நேரம் திறந்திருக்க வேண்டும். 400 என்ற வேகமுடைய படச்சுருளுக்கு ஒரு விநாடியின் 15இல் ஒரு பங்கு நேரம் தேவைப்படும் அறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்நேரத்துள் எதிரில் இருப்பவர் அசைந்தால் உருவம் கலங்கிவிடும். எனவே, “சற்று அசையாதிருங்கள்” என்று கேட்டாக வேண்டும். அக்கேள்வியில் அனுமதியும் அடங்கியிருந்தது. இன்றைய கமெராவை 6400 என்ற வேகத்தில் வைத்தால், அதே அறையில் 240இல் ஒரு பங்கு நேரம் போதும். ஓசையும் எழாது. கருவி வளர்ந்தது, கேட்க வேண்டிய கட்டாயம் ஒழிந்தது. முன்பு கருவியின் குறை காத்துவந்த மரியாதையை இனி மனிதனின் பண்பே காக்க வேண்டும்.

ஜெர்மானியரான எரிக் சலமன் 1928இல் பெர்லின் கொலை வழக்கொன்றை மறைத்து வைத்த கமெராவால் படம் எடுத்தாரே என்று சிலர் எதிர்வாதம் செய்வர். உண்மை. பின்னர் அரசியல் தலைவர்களின் மாநாடுகளையும் அவர் அவ்வாறே எடுத்தார். ஆனால் நீதிமன்றமும் மாநாடும் பொதுமக்களின் காரியங்கள். அங்கு நடப்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு. உடை மாற்றும் பெண்ணைப் பற்றி உலகுக்கு அப்படி எந்த உரிமையும் இல்லை.

ஆடையலங்கார உலகமே இதனைக் காலந்தாழ்த்தித்தான் உணர்ந்தது. 2012இல் அமெரிக்காவில் தோன்றிய மொடல் அலையன்ஸ் என்ற அமைப்பு இக்குறையைப் பேசிவந்தது. 2018 பெப்ரவரியில்தான் நியூயோர்க் ஃபேஷன் வாரத்தின் முக்கிய அரங்குகளில் உடை மாற்ற மறைவிடங்கள் ஒதுக்கப்பட்டன. பெண்களின் அறைக்குள் அந்நியர் நுழையலாகாது என்பதை நம் ஊர்கள் நெடுங்காலமாக அறியும். எனினும் நாம் பெருமை கொள்வதற்கில்லை. அந்நியன் நுழையாத அறைக்குள் உறவுக்காரியின் கைத்தொலைபேசி நுழைகிறது. முக்காடு நீக்கித் தலைவாரும் பெண்ணின் படம், அவள் அறியாமலே மாலைக்குள் ஊரைச் சுற்றிவிடும். ஒருவரை ஒருவர் அறிந்த சிற்றூரில் அந்தக் காயம் எளிதில் ஆறுவதில்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கலைவிழா நாளில் ஒப்பனை அறைக்குள் படம் எடுக்கப் பொறுப்பான ஒருவரை மட்டும் நியமியுங்கள். பெண் பிள்ளைகளின் அறையாயின் அவர் பெண்ணாக இருக்கட்டும். உடை மாற்றும் மூலையில் கமெராவே வேண்டாம். எடுத்த படத்தை எடுக்கப்பட்டவருக்குக் காட்டி, அவர் வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள். இருட்டில் காணக் கருவி கற்றுக்கொண்டது. கண்டதையெல்லாம் எடுக்கலாகாது என்பதை மாணவருக்குக் கற்பிக்கும் கடமை நம்முடையது.