படம் கெடவில்லை!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

“கோப்பு கெட்டுவிட்டது.” நம் கல்லூரிக் கணினி அறையில் அடிக்கடி ஒலிக்கும் தீர்ப்பு இது. விசாரணையின்றி வழங்கப்படும் தீர்ப்பு என்பேன்.

எங்கள் ஆய்வகத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற உதவியாளரின் படத்தைச் சென்ற ஆண்டு மலருக்குக் கொடுத்திருந்தோம். கிம்ப் என்னும் படத்திருத்த மென்பொருளில் அது திறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தது, படிக்காமலே மூடினோம். மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவியும் பார்த்தோம். இறுதியில் அவர் படம் இல்லாமலே மலர் அச்சேறியது. மலரைப் புரட்டிய அவர், “என் படம் வரும்னு சொன்னீங்களே தம்பி?” என்றார். நான் தலை குனிந்து நின்றேன்.

அக்கேள்வி உறுத்தவே, விடுமுறைக்குப் பின் அதே கணினியில் அதே கோப்பைத் திறந்தேன். இம்முறை செய்தியை அகராதியுடன் படித்தேன். ‘இது ஜேபெக் கோப்பு அன்று, 52, 49 எனத் தொடங்குகிறது’ என்பதே அதன் பொருள். இவை பதினாறு நிலை எண்கள். பதின்ம முறையில் 82, 73. ஆஸ்கி அட்டவணையில் ‘ஆர்’, ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்துகள். ‘ரிஃப்’ என்ற நான்கெழுத்துக் குறியின் முதற்பாதி அது. கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி வடிவக் கோப்புகள் அக்குறியோடுதான் தொடங்கும். உண்மையான ஜேபெக் எனில் 255, 216 என்றல்லவா தொடங்க வேண்டும்!

கிம்ப் மென்பொருளில் ஒவ்வொரு கோப்பு வடிவத்தையும் படிக்கத் தனித்தனிச் செருகுநிரல் உண்டு. எங்கள் கணினியில் இருந்தது பழைய 2.8ஆம் பதிப்பு, அதில் வெப்பிக்கான செருகுநிரல் இல்லை. எனவே பெயரின் வாலை நம்பி, கோப்பை ஜேபெக் செருகுநிரலிடம் ஒப்படைத்தது. அதுவோ ‘இது என் கோப்பு அன்று’ என உண்மையைச் சொன்னது. பொய் சொன்னவர்கள் நாங்களே. ‘ஜேபெக் படங்கள் மட்டுமே ஏற்கப்படும்’ என்ற அறிவிப்பைக் கண்டு, இணையத்தளத்திலிருந்து எடுத்த வெப்பி படத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தோம். பெயரை மாற்றினால் வடிவம் மாறிவிடுமா?

2018இல் வந்த 2.10ஆம் பதிப்பில் வெப்பி செருகுநிரல் சேர்ந்தே வருகிறது. அப்பதிப்புள்ள மற்றொரு கணினியில் படம் உடனே திறந்தது.

“அப்படியானால் புதிய பதிப்பைப் போட்டால் போதுமே” எனச் சில நண்பர்கள் கூறுகின்றனர். நான் உடன்படவில்லை. 2017 முதல் ஐபோன்கள் ஹைக் என்னும் வேறொரு வடிவில் படங்களைச் சேமிக்கின்றன. நாளை இன்னொன்று வரும். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத என் போன்றோர்க்கு ஆங்கிலப் பிழைச் செய்தி ஓர் அதட்டலாகவே படுகிறது. செய்முறை வகுப்பில் பிழையின்றி முடித்தவனுக்கே மதிப்பெண் கிடைக்கிறது. பிழைச் செய்தியைக் குறிப்பேட்டில் எழுதி, அதன் பொருளைச் சொல்பவனுக்கும் இரண்டு மதிப்பெண் தரலாகாதா? பேராசிரியப் பெருமக்கள் சிந்திக்க வேண்டுகிறேன். மலர்க் குழுவினரும் அறிவிப்பில் வடிவத்தை மாற்றும் முறையை இரண்டு வரியில் எழுதலாம்.

உதவியாளரின் படத்தை, இம்முறை முறையாக ஜேபெக்காக மாற்றி, இக்கட்டுரையோடு இணைத்துள்ளேன்.